தேக்கு எப்படி எரியும்

ஓட்டேரி நல்லாவுக்கு இந்தப் பக்கம்
விறகுத் தொட்டியில் எடை போடுகிறவள் நான்.
முதலில் தட்டிப் பார்ப்பேன்.
ணங் என்றால் காய்ந்தது. தொப் என்றால்
தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

கவுஸ் பாய்க்குச் சவுக்கு மட்டும்தான்.
தம் போடும்போது மூடிமேல் அள்ளி வைக்க
அதன் கங்குதான் நிதானம் என்பார்.
முந்நூறு பேர் வலீமா, அரிசி முக்கால் வெந்த நேரத்தில்
கட்டைக்கு மனசு மாறக் கூடாது.

புளியை வெட்ட ஆள் கிடைப்பதில்லை.
போன மாசம் ஒரு கோடரிக் காம்பு போனது.
பிடித்துக்கொண்டால் ஆனால்
ராத்திரி மூடிய சாம்பலை விடிகாலை கிளறினாலும்
கண் திறந்து பார்க்கும்.

வேலிகாத்தான் பச்சையிலேயே எரியும்.
படபடவென்று தெறிக்கும்,
நைலக்ஸ் புடவையோடு கிட்டே போகாதீர்கள்.
என் முழங்கையில் ரெண்டு பொட்டு இருக்கிறது.
வேம்புப் புகையில் காய்ச்சிய பால் கசக்கும் என்கிறார்கள்;
கொசுவுக்கும் பிடிக்காது, அதனால் வாங்கிப் போடுவேன்.
முருங்கையா? அதற்குப் பேப்பரை நம்பலாம்.

புயலடித்த வருஷம் லாரி லாரியாய் வந்து இறங்கின
தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும்.
தெருவையே நிழலில் வைத்திருந்தவை
அடுப்பில் முனை நுரைத்து அழுதன.
பாதி விலைக்கும் போகவில்லை.

நேற்று சாயங்காலம்
மீன்பாடி வண்டியில் வந்தது ஒரு கட்டில், பிரித்தபடி.
நாலு கால், ரெண்டு சட்டம், தலைமாட்டில் செதுக்கிய அன்னங்கள்.
தட்டிப் பார்த்தேன். பர்மாத் தேக்கு.
"ரோஸ்லின், பழைய சாமான் கடையில்
கண்ணை மூடிக்கொண்டு எட்டாயிரம் தருவான்."
"விறகு விலைக்கே போடுக்கா.
இதில் மறுபடி யாரும் தூங்கக் கூடாது."
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.
முப்பத்தெட்டு கிலோ.
காசை எண்ணாமல் முந்தியில் முடிந்துகொண்டு
"எரியும்ல?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம்.
எந்தக் கட்டை எந்த அடுப்புக்கு என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
தேக்கை யாரும் எரித்து நான் பார்த்ததில்லை.
"தெரியலம்மா" என்றேன்.

வண்டி போன பிறகும் தராசை விட்டு இறக்கவில்லை.
அன்னங்கள் குப்புறக் கிடக்கின்றன.
நாளைக்குக் கோடரிக்காரன் வருவான்,
புளி வெட்ட.