ஏறிய கியரிலேயே

ஆறு மணி வண்டிக்கு
அஞ்சே முக்காலுக்கு ஒரு டீ,
ஒரு வடை, ஒரு மாத்திரை.
டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடி
அல்லிமுத்து கேட்பான்:
"போட்டாச்சாண்ணே?"
அட்டையைத் திருப்பிக் காட்டுவேன்.
பேனாவில் எழுதிய வெள்ளி
கிழிந்திருக்கும்.
அப்புறம்தான் விசில்.

போன வருசம் இப்படி இல்லை.

நூற்றெழுபதுக்கு நூற்றைந்து என்று
எஃப்.சி. முடிந்த வண்டியைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார் டாக்டர்.
எனக்கோ ஒன்றுமே செய்யவில்லை.
தலைவலி இல்லை, படபடப்பு இல்லை,
இருபது கொண்டை ஊசியும்
தூக்கத்தில்கூடத் திருப்புவேன்.
ஒன்றும் செய்யாத நோய்க்குத்
தினம் ஒரு மாத்திரையா?
இருந்தும் போட்டேன், இரண்டு மாசம்.
கணுக்கால் வீங்கியது.
சாயங்காலம் செருப்பைக் கழற்றினால்
வார் இருந்த இடம் பள்ளமாய்க் கிடந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
நிறுத்திவிட்டேன்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவனை
டெப்போவில் நாங்கள் திட்டுவதை
இங்கே எழுத முடியாது.
டீசல் மிச்சம் என்பான் அவன்.
பூப்போல இறங்குது என்பான்.
கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்
இன்ஜின் முனகாமல்.
நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்
ஆடி முழுக்க, ஆவணி பாதி.

டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை என்று
நோட்டீஸ் போர்டில் தேதி ஒட்டினார்கள்.
பாக்கியை வட்டியோடு கட்டுகிறவன் மாதிரி
மூன்றை ஒன்றாய் விழுங்கிவிட்டு
ஏற்காட்டில் வண்டியை எடுத்தேன்.

பதினாலாவது வளைவில்
சில்வர் ஓக் மரங்கள் படுத்துக்கொண்டன.
ஸ்டியரிங் என் கையில் இருந்தது,
கை என்னிடம் இல்லை.
எப்படியோ சுவரோரம் ஒதுக்கி
ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.
கீழே சேலம், வெயிலில்,
மேக்னசைட் குழிகள்
சுண்ணாம்பு தடவின மாதிரி.
நாற்பத்தொரு பேர் பின்னால்.
ஒரு குழந்தை கேட்டது,
"வியூ பாயின்டா அங்கிள்?"
"ஆமா தங்கம்," என்றான் அல்லிமுத்து
என் தலையைத் தாங்கிக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் எமில்டா சிஸ்டர்
மாத்திரைச் சீட்டைக் கேட்கவில்லை.
"வீட்ல வாய்ல போடறது
எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."
மஞ்சப்பையை மேசையில் கொட்டினாள் என் மனைவி.
முட்டி வலிக்கென்று
சீட்டில்லாமல் நான் வாங்கும் சிவப்பு மாத்திரை.
தொண்டைக் கமறலுக்கு
நாள் முழுக்க மெல்லும் அதிமதுரம்.
சம்பந்தி அன்பாய்க் கொடுத்த
அவருடைய மாத்திரை, பாதி அட்டை.
மிளகு பொறுக்குகிறவள்போல
ஒரு விரலால் ஒதுக்கினார் சிஸ்டர்.
"இது ஏத்தும்.
இதுவும் ஏத்தும்.
இது உங்களோடதே இல்ல."
அதிமதுரம் இனிப்பாச்சே, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"விட்டது விட்டதுதான் சுகவனம்.
மறுநாள் சேத்துப் போடக் கூடாது.
கால் வீங்கினா நீங்களா நிறுத்தாதீங்க,
எங்ககிட்ட வந்து சொல்லுங்க.
மாத்துறதுக்கு வேற மருந்து இருக்கு.
மாத்துறதுக்கு வேற சுகவனம் இல்ல."

வேறு மருந்து கொடுத்தார் டாக்டர்.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஆறு வாரம் டெப்போவில்
டயர் எண்ணினேன், உட்கார்ந்த இடத்தில்.
நூற்றிருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு என்றபின்தான்
சாவியைக் கொடுத்தார்கள்.

அடிவாரத்தில் ஒரு மஞ்சள் பலகை:
ஏறிய கியரிலேயே இறங்கவும்.
இருபத்திரண்டு வருசமாய்
வண்டிக்கென்றே படித்திருக்கிறேன்.

முட்டி இப்போதும் வலிக்கிறது.
ஊறுகாயை நினைத்தால்
எச்சில் ஊறுகிறது, மறைப்பானேன்.
சீட்டிலிருந்து எழும்போது
கம்பியைப் பிடித்து ஒரு நொடி நிற்கிறேன்.
பதினாலாவது வளைவு வந்தால்
அல்லிமுத்து சும்மா இருப்பதில்லை:
"வியூ பாயின்ட், வியூ பாயின்ட்!"
எல்லாரும் ஜன்னலுக்குச் சாய்கிறார்கள்.
வெளியே பனிமூட்டம்.
ஒன்றும் தெரியாது.
ரெண்டாவது கியரில்
முனகிக்கொண்டே இறங்குகிறோம்.