பதினோரு நொடி

ஈரி ஏரிக்கரையில், பழைய கம்பளக் கடைதான்
எங்கள் கட்சி அலுவலகம்.
நாற்காலி போதாமல்
அவர் பெயர் அச்சடித்த அட்டைக் கட்டுகள் மேலேயே
உட்கார்ந்து வாதிட்டோம்,
அவரை மாற்றலாமா என்று.

டெரிக் கத்தியதை என் தமிழில் சொன்னால்:
தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில்
மாப்பிள்ளையை மாற்றுவதா?

மாற்றத்தான் வேண்டும் என்றவள்
எண்பத்தொரு வயது லொரெய்ன்.
"என் காரை நானே விற்றேன்.
யாரும் சாவியைப் பிடுங்கவில்லை."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

நான் வாய் திறக்கவில்லை.
பகலில் எனக்கு நினைவாற்றல் கிளினிக்கில் வேலை.
கடிகாரம் வரையச் சொல்வேன்,
பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வேன்.

அன்றிரவு மேடையில் அவர்
"நம் நாட்டின்" என்று தொடங்கி நின்றபோது
பழக்கதோஷம், எண்ணினேன்.
பதினோரு நொடி.
மறதியா, களைப்பா,
துக்கமாகக்கூட இருக்கலாம்.
டிவியில் பார்த்து நோய் சொல்லக் கூடாது.

கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன்.
எந்தப் பக்கம் என்று
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
போன தேர்தலில் அவருக்காக
நானூறு கதவு தட்டியவன் செந்தூரன்.
முன்வாசலில் அந்த அட்டை நிற்கிறது.
ஞாயிறுகளில்
அதில் படாமல், சுற்றிச் சுற்றிப்
புல் வெட்டுகிறான்.