ரசீது

ஐந்து ஏப்ரல்களும் அதே ரசீதோடு வந்தார்
கோடெலீவ் அம்மாள்.
கெண்ட் நகரத்துக் கால்வாய்க்கரை வீடு,
வெயில் எட்டிப் பாராத வடக்குச் சுவர்,
அதற்கென்று நான் விற்ற
ஹைட்ராஞ்சியாக் கொடி.

முதல் வருடம்: "செத்துவிட்டது."
இல்லை, வேர்பிடிக்கிறது என்றேன்.
இரண்டாம் வருடம்: "ஒரு சாண். அளந்தேன்."
மூன்றாம் வருடம் பேச்சே இல்லை.
ரசீதை மேசையில் வைத்து
விரலால் இரண்டு தட்டு.

பந்தல் கேட்காது அம்மா, ஆணி கம்பி கேட்காது,
பூரான் கால் போலத் தண்டிலேயே வேர் நீட்டிச்
செங்கல்லைப் பற்றிக்கொள்ளும்.
"பற்றட்டும். பூ எங்கே?"

ஐந்தாம் வருடம்
பணத்தை எண்ணி நீட்டினேன்.
வாங்கவில்லை.

இந்த ஏப்ரலில் ஆள் வரவில்லை.
நாற்றுகளுக்கு நீர் விடும்போதெல்லாம்
வாசலைப் பார்த்தேன்.

ஜூன் கடைசியில் வந்தார், மூச்சு வாங்க.
குளியலறை ஜன்னல் திறக்கவில்லையாம்.
சமையலறையில் பட்டப்பகலில் விளக்காம்.
சுவர் முழுக்க வெள்ளைத் தட்டுகள்,
நடுவே நொய்போல் பொடிப்பூ,
ஓரத்தில் நாலிதழ்ப் பூக்கள்;
தேனீ இரைச்சலில்
ரேடியோச் செய்தி காதில் விழவில்லையாம்.

நல்ல கத்தரிக்கோலாக ஒன்றை
எடுத்துக் கொடுத்தேன், பாதி விலைக்கு.
தன் தலைமுடியைக் கேட்டதுபோல் பார்த்தார்.

ரசீதை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தவர்
கதவருகே நின்றார்:
"தெற்குச் சுவர் ஒன்று சும்மா இருக்கிறது.
சீக்கிரம் வளர்வது வேண்டாம்."