மைக் திறந்திருக்கு

பதினொரு மாதமாய் எனக்குக் கஜவதனன்
ஒரு சாம்பல் வட்டம், பக்கத்தில் பச்சைப் புள்ளி.
புள்ளி மஞ்சளானால்
தேத்தண்ணிக்குப் போய்விட்டான் என்று
நானே வைத்துக்கொள்வேன்.
வெள்ளவத்தையில் கடல் தெரியாத ஏதோ ஒரு மாடி என்றும்
நானேதான் வைத்துக்கொண்டேன்.

ஒருதரம் என் வேலையில் பிழை பிடித்து, நான் திருத்தி அனுப்ப,
'ஓகே.' என்று எழுதினான்.
அந்த முற்றுப்புள்ளியை
ரெண்டு நாள் சோற்றோடு பிசைந்தேன்.
எதிர் மேசை என்றால்
கோபமோ பசியோ என்று முகத்தைப் பார்த்திருப்பேன்.
இங்கே புள்ளியைத்தான் பார்க்கலாம்.

நான் மட்டும் சளைத்தவளா?
கூட்டத்தில் அவன் பக்கம் நாய் குரைத்தால்
'உங்கள் மைக் திறந்திருக்கிறது, தயவுசெய்து'
என்று ஆங்கிலத்தில் அனுப்புவேன்.
எங்களுக்கிடையில் அதிகம் போன வசனம் அதுதான்.

வியாழன், நாலரை.
ஒஸ்லோவில் ஆரோ அட்டவணையைக் காட்டித்
தெரியுதா தெரியுதா என்று கேட்க,
குருநாகலில் இருந்து இசுரு தெரியுது என்க,
என் காதுக்குள், அவன் மைக் வழியே,
பாண் வண்டிப் பாட்டு.
பற்றரி செத்து, சுருதி இறங்கி,
மூன்றாம் அடியில் விக்கும்.
உலகத்தில் அப்படி விக்குகிற வண்டி ஒன்றுதான்.

ஹெட்செட்டை ஒரு காதில் கழற்றினேன்.
வெளியில் ஒன்றுமில்லை. முருங்கையில் காகம்.
நாலு நிமிசம் கழித்து
அதே விக்கல் என் படலையில்.

நாலு நிமிசம்.
குளப்பிட்டிச் சந்தியில் திரும்பி, ரெண்டு இடத்தில் நின்று,
மிச்சக்காசு தேடிக் கொடுத்து
வருகிற தூரம்.
அந்தத் தூரத்துக்கு எங்கள் காலை வணக்கம்
எந்தக் கண்டத்து சேர்வரையெல்லாம் சுற்றி வந்ததோ.

'நீங்கள் கொக்குவிலோ?' என்று தட்டினேன். அழித்தேன்.
கேட்டால், தேரடியில் கண்டால் சிரிக்க வேண்டும்,
ஆற்றை மகள் என்று வரும்,
அந்தப் புள்ளி ஏன் என்றும் கேட்கவேண்டி வரும்.

வெள்ளி, நாலரை.
அவன் பக்கம் பாட்டு. இசுரு, ஆரோ மைக்கை மூடுங்கள் என்றான்.
நான் ஒன்றும் எழுதவில்லை.
சில்லறையை எடுத்து வைத்தேன்.
ஹெட்செட்டோடேயே வெளியே போயிருக்கிறான்:
"பணிஸ் எத்தினை கிடக்கு அண்ணை?
எல்லாத்தையும் தாங்கோ."
முதல்தரம் அவன் தமிழ்.
கொஞ்சம் கீச்சுக் குரல். கோபக்காரன் இல்லை.

நாலு நிமிசத்தில் என் படலைக்கு
வெறும் பாண்தான் வந்தது.
திரும்பி வந்து இருந்து அவனுக்கு எழுதினேன்,
தமிழில், முற்றுப்புள்ளியோடு:
'சரி.'