ஏழு நாணயக் கட்டை

இடவப்பாதி மழை. வெட்டூர்ணிமடத்தில் இறங்கி
குடையை மடக்காமலே கடைக்குள் நுழைந்தேன்.
ரெக்ஸ்லின் என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
"அறுநூறு சத்தம் இருக்குக்கா" என்றான்,
"வீணை, விசில், நாய் குரைக்கதுகூட."
ஒரு பித்தானை அமுக்கினான்.
நாய் குரைத்தது.
தெருவில் நனைந்துகொண்டிருந்த ஒன்று
பதில் சொன்னது.

சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோ, தம்பி.

மார்த்தாண்டம் கூட்டுறவு வங்கியில்
பதினேழு வருடமாய் நகை மதிப்பிடுகிறேன்.
சங்கிலி உள்ளங்கையில் விழுந்ததுமே
கல் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்,
தராசு பிறகுதான் ஒத்துக்கொள்ளும்.
காது ஏமாறும்.
எடையை வைத்துத்தான் எனக்குப் பேச்சு.

சுருக்குப்பையை அவிழ்த்தேன்:
பத்து ரூபாய் நாணயங்கள்.
நடத்துனர் வாங்க மாட்டார், மீன்காரி வாங்க மாட்டாள்.
ஒன்று ஏழே முக்கால் கிராம்,
அதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது.

முதல் பெட்டி, அறுபத்தொரு கட்டை.
நாலு நாணயம் வைத்தேன், பாதியில் நின்றது.
ஆறு வைத்தேன், இன்னும் கொஞ்சம்.
உள்ளே சுருள்வில்.
போகப் போக எதிர்க்கும்,
விட்டதும் விரலை உதறித் தள்ளும்.
பொய் சொல்லக்கூடாது,
ஆலயத்தில் ஆர்கன் மாதிரி வழித்து வாசிக்க
இதுதான் சுகம்.

அடுத்தது "பாதி வெயிட்" என்றான்.
அதே வில்,
அடியில் ஒரு துண்டு உலோகம் ஒட்டியிருக்கிறதாம்.
சிரித்துவிட்டேன்.
அரக்கு ஊற்றின வளையல் எத்தனை பார்த்தவள் நான்.

மூன்றாவது எண்பத்தெட்டு கட்டை,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுத்தியல்.
நடுவில் ஆறு நாணயம்: அசையவில்லை.
ஏழாவதை வைத்தேன்.
யோசித்தது.
பிறகு தானாகவே கடைசிவரை இறங்கியது,
தொடங்கத்தான் தயக்கம்.
இடது ஓரத்தில் ஒன்பது கேட்டது,
வலது ஓரத்தில் ஆறே போதும்.
மெதுவாய் விரல் வைத்தால்
அடிக்குச் சற்று முன்
தாழ்ப்பாள் நழுவுகிற மாதிரி ஒரு சின்னத் தடங்கல்.
மேலே சொரசொரப்பு.
பங்குனியில் வேர்க்கிற கைக்கு அது வேண்டும்.

ரெக்ஸ்லினுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது.
கல்லாவில் கிடந்த நாணயங்களையும் அள்ளிவந்து
கட்டைக்கு ஏழாய் அடுக்கினான்.
மூன்று கட்டைகள் சேர்ந்து இறங்கின,
ஒரு முழு சுரக்கட்டு.
சத்தத்தை ஏற்றினான்.
மறுபடி அடுக்கினான்.
கட்டை இறங்குகிறது, ஒலி இல்லை.
"கேடாயிருச்சாக்கா?"

இல்லை.
மெல்ல இறங்கினால் சுத்தியல் கம்பியைத் தொடாது.
இங்கே கம்பியே இல்லை;
இல்லாததைத் தொடாமல் விடுவதற்கும்
யாரோ கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
அதையே அமுக்கிக்கொண்டிருந்தோம்.
வெளியே மழை மட்டும்.

சத்தத்தைக் குறைத்தாலும்
சுத்தியல் விழுகிற டொக் டொக் தரைவழி இறங்கும்.
என் கீழ்வீட்டில் இரவுப்பணி முடிந்து தூங்குகிறவள்
நர்ஸ் மெர்லின்.
கயிற்றுப் பாய் இரண்டு மடிப்பாய்ப் போட வேண்டும்.

பணம்: என் வளையல்கள்.
சொந்த நகையை நானே மதிப்பிட விதியில்லை,
தக்கலைக் கிளைக்குக் கொண்டுபோனேன்.
அந்த ஆள் அரை கிராம் குறைத்து எழுதினார்.
தெரிந்தது. கேட்கவில்லை.
நானும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேனோ.

"பில்லில் பெயர்?"
"தங்கலீலா."
ரெக்ஸ்லின் எழுதினான், நிமிர்ந்தான்,
என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தமாதிரி இருந்தது.
மீதி நூற்றெழுபதையும்
பத்து ரூபாய் நாணயமாகவே எண்ணி வைத்தான்,
"நீங்க வாங்கிக்கிடுவீங்கல்லா?"

வாங்கிக்கொண்டேன்.