மீன்பசை

எனக்குத் தூரம் தெரியாது.
திமோலஸ் மலை என்கிறார்கள்,
எனக்கு அது காலையில் நீலக் கறை, மாலையில் பழுப்புக் கறை.
பக்டோலஸ் ஆற்றில் மணல் அரிப்பது யாரென்று
குரல் வந்த பிறகுதான் சொல்வேன்.
ஆனால் ஒரு சாணுக்குள்
கடுகில் பத்திலொரு பங்கு பொன்மணி கிடந்தால்
அது எந்தப் பக்கம் சற்றே தட்டை என்று தெரியும்.
சார்டிஸ் பட்டறையில் எனக்குக் கூலி அதற்குத்தான்.

பொன்கம்பியைத் துணுக்குத் துணுக்காய் நறுக்கிக்
கரித்தூளில் புதைத்துச் சுட்டால்
ஒவ்வொன்றும் தானே உருண்டுகொள்ளும்,
குளிருக்குச் சுருண்ட நாய்க்குட்டி போல.
இறகு முனையால் எடுக்கவேண்டும்.
செம்புக் களிம்பு கலந்த மீன்பசையில் ஒட்டவேண்டும்.
தும்மக் கூடாது.

அந்த வாரம் சுங்க அதிகாரியின் மனைவிக்குச்
சிங்கப் பதக்கம்.
நான் சிங்கத்தைப் பார்த்ததில்லை.
பார்த்திருந்த பகிவா சொன்னான்:
"முகம் முழுக்க வாய்."
அதை வைத்துக்கொண்டு ஒரு முகம் அடித்தேன்,
கொட்டாவி விடும் கிழவன் மாதிரி வந்தது.
பிடரிக்கு மட்டும் இருநூற்றுப் பதினொரு மணி.
பசை காயட்டும் என்று மூடாமல் போனேன்.

விடிந்ததும் தராசுக்காரன் கதோவா நிறுத்தான்.
ஏழு மணி குறைவு.
கூந்தலை உதறச் சொன்னான்,
நகக்கண் பார்த்தான்,
நாக்கை நீட்டச் சொன்னான்.
நீட்டினேன்.
உலை மூலையில் பூனை
மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.
மீசையில் ஒன்று மின்னியது.

மிச்சம் ஆறுக்காகக்
கூடை போட்டுக் கவிழ்த்தோம்.
மூன்று நாள். சாம்பல் தட்டை
முறைவைத்துக் கிளறினோம்.
அரண்மனை விருந்தாளிக்கும்
யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

இரண்டாம் நாள் மீன்தலை வைக்கக் குனிந்தேன்.
சீறியது.
ஒரு சாண்தான் இடைவெளி.
மூக்கு மூன்று மடிப்பாய்ச் சுருங்குவது,
காது பின்னால் படுத்துக் காணாமல்போவது,
மேலுதடு இடப்பக்கம் மட்டும்
கொஞ்சம் கூடுதலாய் ஏறுவது
பகிவா சொல்லாததெல்லாம்
அங்கே இருந்தது.
பழைய முகத்தை உருக்கிவிட்டேன்.

ஐந்து வந்தன, புளித்த திராட்சைச் சாற்றில் கழுவினோம்.
ஆறாவது வரவே இல்லை.
கதோவா ஓட்டுச் சில்லில் கீறிவைத்தான்:
பூனை பேரில், மணி ஒன்று.

பெட்டியைத் திறந்ததும் அந்த அம்மாள்
கையைப் பின்னுக்கு இழுத்தாளாம்.
பிறகு கழற்றவே இல்லையாம்.

கூடையை நிமிர்த்தினேன்.
வாசல் தாண்டியதும் அது எனக்குச்
சாம்பல் நிறக் கறை.
அந்தக் கறைக்குள் எங்கோ
என் கைமணி ஒன்று
எலி பிடிக்கப் போகிறது.