மூன்றாவது கோட்டு

சாரல் விழும் வாரத்தில் பெயிண்ட் அடிக்கிற வீடு
அம்பாசமுத்திரத்தில் எங்களுடையது மட்டும்தான்.
"ஆனியில அடிச்சா காயாது வக்கீலம்மா,
பங்குனியில சொல்லியிருக்கலாம்லா?"
என்றார் மாசானம்.
பங்குனியில் நான்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்
பிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

முன்னறையின் நாலு சுவரும் பலகை.
இடுப்புயரத்துக்கு அல்ல, உத்தரம் வரைக்கும்.
எண்பத்தேழில் முதல் பெரிய கேஸ் ஜெயித்த காசு.
கட்சிக்காரர்கள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்,
செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று
காலைப் பார்ப்பார்கள்.
"செங்கோட்டை டிப்போ தேக்கு" என்பார் இவர்.
ஃபீஸ் சொல்வதற்கு முன்னால்
அதைச் சொல்லிவிடுவார்.
நான் அந்த அறையில் முப்பத்தாறு வருஷம்
பகலில் லைட் போட்டு ஊசி கோத்தவள்.

வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் துடைத்தோம்.
வாளி கடுங்காப்பி ஆனது.
பையன் பேச்சிமுத்து மோந்து பார்த்து
"யண்ணே, சிகரெட்டு" என்றான்.
நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள்
தேய்க்கத் தேய்க்க
பாலீஷ் போய் வெளிறிய மஞ்சள் வந்தது.
மாசானம் நகத்தால் கீறினார். காதைச் சாய்த்துத் தட்டினார்.
கதவை ஒருக்களித்துவிட்டுச் சொன்னார்:
"இது தேக்கு இல்லம்மா. அயினி.
சாயம் ஏத்தித் தந்திருக்கான்."

முற்றத்தில் இவர்
பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்,
அல்லது பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.
ஏமாந்தாரா, தெரிந்தேதான் சொன்னாரா.
குறுக்கு விசாரணைக்கு
என்னிடமும் சில கேள்விகள் இருந்தன.
"பிரைமர் அடிங்க" என்றேன்.

கோட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
முழங்கை வெளுத்த கறுப்பு,
சாயங்காலம் நான் உதறி மாட்டுவது.
இது வெள்ளைக் கோட்டு.
காலையில் பார்த்தால் மஞ்சள்.
கணுவுக்குக் கணு வேர்த்திருந்தது சுவர்.
திங்கட்கிழமை ரெண்டாவது.
கொடியில் போட்ட துண்டே காயாத காற்றில்
புதன்கிழமைக்குள் மறுபடி மஞ்சள்.
"முப்பது வருசப் புகையைக் குடிச்ச பலகை,
லேசுல விடாது" என்றார் மாசானம்.

ஓரிடம் மட்டும் தூய வெள்ளை.
சட்டப் புத்தக பீரோ நின்ற இடம்,
ஆறடிக்கு மூணடி.
போய் அதன்முன் நின்று பார்த்தேன்.
தலைக்கு மேலே ஒரு சாண் மிச்சமிருந்தது.

டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய படத்தில்
இவர் நெஞ்சு கறுப்பு வெள்ளைதான், மஞ்சள் இல்லை.
"நீங்களும் ஒண்ணு எடுத்திருங்கம்மா" என்றார்.
எடுக்கவில்லை.
எடுத்தால் எப்படி இருக்கும் என்று
இந்த வாரம் பலகை காட்டிவிட்டது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால்
வாயடைத்துக்கொள்ளுமாம்.
டவுனுக்குப் போய் வாங்கி வந்தார் மாசானம்,
பஸ் சார்ஜ் தனி.
அன்றைக்கு வீடு முழுக்க
ஊசி குத்துமுன் தடவுகிற பஞ்சின் வாசம்.
இவர் எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்தார்,
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின்
அதுவே அதிக தூரம்.

மூன்றாவது கோட்டு நின்றது.

செங்கோட்டை வண்டி போன பிறகு உள்ளே வந்தார்.
லைட் போடவில்லை. தேவைப்படவில்லை.
ஷேட் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து
நம்பரை வாசித்தார், செக்‌ஷன் சொல்லுகிற குரலில்.
பெயரையும் வாசித்தார்: மோர் வெள்ளை.
பிறகு சுவரை ரெண்டு தட்டுத் தட்டினார்,
மாசானத்தைப் போலவே
காதைச் சாய்த்துக்கொண்டு.

"உள்ள தேக்குதான இருக்கு" என்றார்.

அது கேள்வியாகவும் இருக்கலாம்.
நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.
முதல் தடவையிலேயே நுழைந்தது.